வருமென்று சொல்லப்பட்ட வண்டி

2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 11 ஆந் திகதி நியூயோர்க் மாநகரின் ரைம்ஸ் சதுக்கத்திலே கார் ஒன்று தோன்றியது. அதன் மேனி முழுவதும் கண்ணை மயக்கும் சுழிக்கோலங்கள் ஒட்டப்பட்டிருந்தன. வண்டியின் வளைவு எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்று நிதானித்துக் காண இயலாதபடி அக்கோலங்கள் அமைந்திருந்தன. உள்ளே இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனத்தின் தலைவி மேரி பாரா. மற்றவர் அந்நிறுவனத்தின் கோர்வெற் கார்களுக்குப் பொறுப்பான பிரதம பொறியியலாளர் ராட்ஜ் ஜெக்ரர். வண்டியிலே ஒரு திகதி மட்டும் பொறிக்கப்பட்டிருந்தது. அது 2019 ஜூலை 18. அன்றைக்கு உறை நீக்கப்படும் என்பதே அதன் பொருள்.

புதுக் கார்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒன்றைக் காட்டப்போகிறோம் என்று அறிவிப்பதற்கு இத்துணை ஆரவாரம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ஆனால், இந்தக் காரைப் பற்றிய பேச்சு அன்று தொடங்கியதன்று. எஞ்சினை நடுவிலே கொண்ட கோர்வெற் வரப்போகின்றது என்ற செய்தி 1960 களிலிருந்து அமெரிக்க மோட்டார்ச் சஞ்சிகைகளில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. தந்தை இளைஞராய் இருந்தபோது படித்த அதே செய்தியை மகனும் படித்தான். அவனுக்குப் பின் பேரனும் படித்தான். அடுத்த ஆண்டு வரும், தவறினால் அதற்கடுத்த ஆண்டு வரும் என்று எழுதப்பட்டது. வண்டி வரவில்லை. அப்படியிருந்தும் பேச்சு ஓயவில்லை.

இதனை வெறும் வதந்தி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று. எதிர்வுகூறியவர்கள் காற்றைக் கயிறாகத் திரித்தவர்கள் அல்லர். அவர்கள் கண்ணாற் கண்ட வண்டிகளை வைத்தே எழுதினார்கள். பொறியியல் எதைச் சொல்கின்றது என்பதை அவர்கள் செவ்வனே அறிந்திருந்தனர். கணக்கேடு எதைச் சொல்கின்றது என்பதைத்தான் அவர்கள் அறியவில்லை. அந்த இரண்டுக்கும் இடையிலே ஒரு மனிதரின் வாழ்நாள் கழிந்துபோயிற்று.

முதலில், எஞ்சின் நடுவில் இருப்பது என்றால் என்ன என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னே, பொனற்றின் கீழே இருக்கின்றது. பழைய வொக்ஸ்வாகன் காரில் அது பின்னே, பின்சில்லுகளின் அச்சுக்கும் அப்பால் இருந்தது. நடுவில் எஞ்சினைக் கொண்ட வண்டி இவ்விரண்டிலும் சேராதது. அதில் எஞ்சின் சாரதியின் முதுகுக்குப் பின்னாலும் பின்னச்சுக்கு முன்னாலும் அமையும். அதாவது வண்டியின் மிகப் பாரமான உறுப்பு முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட பகுதியில் அடங்கிவிடுகின்றது.

இதனால் விளையும் நன்மை யாது? தோளிலே காவுதடி வைத்துச் சுமப்பவர் ஒருவரை எண்ணிக்கொள்க. தடியின் இரு முனைகளிலும் தண்ணீர்ப் பானைகள் தொங்குகின்றன. அவர் நேரே நடக்கும்போது தொல்லை இல்லை. சடுதியாகத் திரும்பவேண்டி வந்தால், பானைகள் உடனே திரும்ப மறுக்கின்றன. திரும்பத் தொடங்கிய பின்னரோ நிற்க மறுக்கின்றன. அதே பானைகளைத் தோளுக்கு அருகே இழுத்துக் கட்டினால், எடை சற்றும் குறையாவிடினும், அவர் எளிதாகத் திரும்புகின்றார். முனையில் இருக்கும் பாரம் திருப்பத்தை எதிர்க்கும். மையத்தை அடுத்த பாரம் அவ்வளவாக எதிர்க்காது. வளைவான பாதையிலே வேகமாகச் செல்லும் காருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இன்னுமொரு காரணமும் உண்டு. பஸ் வண்டி சட்டெனப் புறப்படும்போது உள்ளே நிற்பவர்கள் பின்புறமாகச் சாய்வார்கள். காருக்கும் அவ்வாறே நிகழ்கின்றது. வேகம் கூடும்போது பாரம் முன்சில்லுகளிலிருந்து கழன்று பின்சில்லுகளை அழுத்துகின்றது. எஞ்சினின் வலு பின்சில்லுகளுக்குச் செல்லும் வண்டியில், எஞ்சினின் எடையும் அச்சில்லுகளின் பக்கமாகவே இருந்தால் அவை நிலத்தை இறுகப் பற்றுகின்றன. இல்லையேல் சில்லு சுழலும், வண்டி நகராது, ரயர் புகையும். பிறேக் பிடிக்கும்போது மறுபுறம் நிகழ்கின்றது. பாரம் முன்னே பாய்கின்றது. முன்னே எஞ்சினும் இருந்தால் முன்சில்லுகள் இரண்டுமே பெரும்பகுதி வேலையைச் செய்யவேண்டி வரும். பின்புறம் கனமான வண்டியிலோ நான்கு சில்லுகளும் அதனைப் பங்கிட்டுக் கொள்கின்றன.

குறைகளும் இல்லாமல் இல்லை. சாரதியின் காதருகே எஞ்சின் முழங்குகின்றது. வெப்பம் முதுகைத் தொடுகின்றது. பின்னாசனம் வைக்க இடமில்லை. பயணப் பெட்டி வைப்பதும் கடினம். பழுது பார்ப்பவர் கையை நுழைப்பதற்கும் வழி தேடவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, விரைவில் திரும்பும் வண்டி விரைவில் சுழன்றும் விடும். பிடி தவறினால் திருத்திக்கொள்வதற்குச் சாரதிக்குக் கிடைக்கும் நேரம் சிறிது.

இனிக் கோர்வெற் காரின் கதைக்கு வரலாம். சிறு போர்க்கப்பல் வகையொன்றின் பெயரைத் தாங்கிய இந்தக் கார், 1953 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நியூயோர்க்கின் வால்டோர்வ் அஸ்ரோறியா ஹோட்டலில் நடந்த மோட்டொராமா கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. கண்ணாடி நாரினாலான அதன் வெள்ளை உடல் கண்டாரைக் கவர்ந்தது. ஆனால் உள்ளே இருந்தது 150 குதிரைவலுவுடைய ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். அவ்வாண்டில் 300 கார்களே செய்யப்பட்டன. அழகுக்கேற்ற ஆற்றல் இல்லை என்பது விரைவில் வெளிப்பட்டது. 1954 இல் செய்த கார்களில் பல விற்பனையாகாமலே தங்கின.

மோட்டொராமாவிலே அந்தக் காரைப் பார்த்தவர்களுள் ஸோரா ஆர்க்கஸ்-டன்ரொவ் என்பவரும் ஒருவர். ரஷ்யப் பெற்றோருக்குப் பிரசல்ஸ் நகரில் 1909 ஆம் ஆண்டு பிறந்தவர். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய பொறியியலாளர். காரின் வடிவை வியந்த அவர், கோர்வெற்றைச் செய்யும் ஷெவ்றலே பிரிவுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதத்தில் அங்கேயே உத்தியோகமும் பெற்றார். மேசைக்கு முன் அமர்ந்திருப்பதோடு நிறைவடையும் இயல்பு அவருக்கு இல்லை. 1954 இலும் 1955 இலும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்திலே போர்ஷே 550 காரை ஓட்டித் தம் வகுப்பில் வெற்றி பெற்ற அணிகளில் அவர் இருந்தார். அந்தப் போர்ஷேயில் எஞ்சின் சாரதியின் பின்னால் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் தகும்.

1957 ஆம் ஆண்டு புளோரிடாவின் செப்ரிங் பந்தயத்துக்கு அவர் கோர்வெற் எஸ்.எஸ். என்னும் சிறப்புக் காரை அமைத்தார். எஞ்சின் முன்னே இருந்தது. சாரதியின் இருப்பிடம் அடுப்பங்கரையாய் மாறிற்று. 23 சுற்றுகளோடு கார் பந்தயத்தைவிட்டு விலகியது. சாரதியை வெப்பத்திலிருந்து விலக்கவேண்டுமானால் எஞ்சினை அவருக்குப் பின்னே கொண்டுபோகவேண்டும் என்ற எண்ணம் டன்ரொவ்விடம் உறுதிபெற்றது. அவ்வாண்டிலேயே அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளர்கள் பந்தயங்களில் நேரடியாக ஈடுபடுவதில்லை என்று தமக்குள் உடன்பட்டனர். பந்தயக் களம் அவருக்கு மூடப்பட்டது. எண்ணத்தை மூட இயலவில்லை.

அக்காலத்தில் பந்தய உலகமே தலைகீழாகிக் கொண்டிருந்தது. எஞ்சினைச் சாரதிக்குப் பின்னே வைத்துப் பந்தயக் கார் செய்வது முற்றிலும் புதியதன்று. 1934 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் நிறுவனம் பேர்டினன்ட் போர்ஷேயின் திட்டப்படி 16 சிலிண்டர் எஞ்சினை அவ்வாறு அமைத்து ஓட்டியது. போருக்குப்பின் அம்முறையை மீண்டும் நிலைநாட்டியவர்கள் இங்கிலாந்தின் கூப்பர் நிறுவனத்தார். 1958 ஆம் ஆண்டு ஆர்ஜென்ரீனாப் பந்தயத்தில் ஸ்ரேர்லிங் மொஸ் சிறிய கூப்பர் காரை ஓட்டி, தம்மிலும் வலுக்கூடிய கார்களைத் தோற்கடித்தார். 1959 இலும் 1960 இலும் கூப்பரை ஓட்டிய அவுஸ்திரேலியர் ஜாக் பிறபாம் உலக வெற்றிவீரரானார். வண்டிக்கு முன்னேதான் குதிரையைக் கட்டவேண்டும் என்று என்சோ பெராறி வாதித்து வந்ததாகச் சொல்லப்படுகின்றது. அவருடைய நிறுவனமும் 1961 இல் எஞ்சினைப் பின்னே வைத்தே உலக விருதை வென்றது. முன்னே எஞ்சின் கொண்ட கார் அந்த உலகப் பந்தயத் தொடரிலே கடைசியாக வென்றது 1960 ஆம் ஆண்டு இத்தாலியில். அதுவும் ஒரு பெராறிதான். அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் பந்தயம் சற்றுத் தாமதித்து, 1965 இல் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் வென்றபோது இம்மாற்றத்துக்குப் பணிந்தது.

இவற்றையெல்லாம் டன்ரொவ் நோக்கிக்கொண்டிருந்தார். 1960 ஆம் ஆண்டு அவர் ஓராசனப் பரிசோதனைக் கார் ஒன்றைச் செய்தார். செர்வ் என்ற சுருக்கப் பெயர் பூண்ட அக்காரின் எஞ்சின் சாரதியின் முதுகுக்குப் பின்னே இருந்தது. 1964 இல் இரண்டாவது செர்வ் தோன்றியது. அதன் நான்கு சில்லுகளும் எஞ்சின் வலுவைப் பெற்றன. போர்ட் நிறுவனத்தின் பந்தயக் கார்களுக்கு எதிராக அதனை இறக்கவேண்டும் என்பது அவர் அவா. மேலிடம் இணங்கவில்லை.

சஞ்சிகைகளின் எதிர்வுகூறல் வேரூன்றிய காலம் இது. 1968 ஆம் ஆண்டு நியூயோர்க் கண்காட்சியில் அஸ்ரோ இரண்டு என்னும் கார் வைக்கப்பட்டது. பார்வைக்கு அது நாளையே கடைக்கு வரும் காரைப் போன்றிருந்தது. 1970 இல் அதே நகரில் எக்ஸ்.பி. 882 என்னும் வேறொன்று காட்டப்பட்டது. அது பிறந்த வரலாறு சுவையானது. ஷெவ்றலே பிரிவின் தலைமைக்கு 1969 இல் வந்த ஜோன் டிலோறியன் அத்திட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார். போர்ட் நிறுவனம் இத்தாலியில் செய்யப்பட்ட, நடுவில் எஞ்சின் கொண்ட பன்ரேரா என்னும் காரை அதே கண்காட்சியில் காட்டப்போகின்றது என்று தெரிந்ததும், மூலையிற் கிடந்த வண்டி துடைத்து மினுக்கப்பட்டு மேடையேற்றப்பட்டது. பார்த்தவர்களுக்கு இந்த உட்கதை தெரியாது. கோர்வெற் மாறப்போகின்றது என்றே அவர்கள் எண்ணினார்கள். எண்ணாதிருந்தால் அல்லவா வியப்பு!

கண்காட்சிக் கார் ஒன்றின் பொனற்றைத் திறந்து பார்ப்பவருக்கு உண்மை சற்றுப் புலப்பட்டிருக்கும். எஞ்சினைப் பின்னே நகர்த்துவது கடினமான காரியமன்று. அதன் வலுவைப் பின்சில்லுகளுக்குக் கொடுக்கும் கியர்ப் பெட்டியே கடினமானது. எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையே இருக்கும் சிறு இடத்தில் அது அடங்கவேண்டும். பெரும் வலுவையும் தாங்கவேண்டும். அஸ்ரோ இரண்டில் பொன்ரியாக் ரெம்பெஸ்ற் என்னும் சாதாரண காரின் இரண்டு கியர்ப் பெட்டியையே இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். கோர்வெற் எஞ்சினின் முழு வலுவை அது தாங்காது. எக்ஸ்.பி. 882 இல் எஞ்சினைக் குறுக்காகக் கிடத்தி, முன்சில்லால் இயங்கும் ஒல்ட்ஸ்மொபில் ரொறனாடோ காரின் கியர்ப் பெட்டியைப் பொருத்தி, வலுவைத் திருப்பிப் பின்னே அனுப்பினார்கள். மதிநுட்பமான வேலைதான். ஆயினும் மற்றவர் வீட்டுக் கதவை எடுத்துத் தன் வீட்டு நிலையில் மாட்டிய கதை அது. புதிதாக ஒரு பெட்டியை வடிவமைக்கப் பெரும் பணம் வேண்டும். ஆண்டுக்குச் சில பத்தாயிரம் மட்டுமே விற்கும் காருக்காக அப்பணத்தை இறைக்க எவரும் முன்வரவில்லை.

1973 ஆம் ஆண்டிலே எதிர்பார்ப்பு உச்சத்தை அடைந்தது. உருளைக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்ரனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணத்தைக் கொண்ட வாங்கல் எஞ்சின் அப்போது பெரிதும் புகழப்பட்டது. அத்தகைய எஞ்சின் கொண்ட இரண்டு கோர்வெற் மாதிரிகள் ஐரோப்பாவிலே காட்டப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெற்றோலை மிகுதியாக அருந்தும் அந்த எஞ்சின் கைவிடப்பட்டது. மாதிரிகளுள் ஒன்றில் வழக்கமான எட்டுச் சிலிண்டர் எஞ்சினை ஏற்றி, ஏரோவெற் என்று பெயர் மாற்றினார்கள். 1980 ஆம் ஆண்டுக் கோர்வெற் அதுவே என்று பரவலாக எழுதப்பட்டது. அந்நம்பிக்கையும் பொய்த்தது.

ஏன் என்பதற்கு விடை ஓர் எண்ணிலே அடங்கியிருக்கின்றது. 1979 ஆம் ஆண்டில் 53,807 கோர்வெற் கார்கள் செய்யப்பட்டன. அவை யாவும் எஞ்சினை முன்னே கொண்டவை. அடித்தளமோ பல ஆண்டுப் பழையது. பழைய பண்டம் இதற்கு முன் விற்காத அளவு விற்கும்போது, பெருஞ் செலவில் புதியதைச் செய்வானேன் என்று கணக்கர் கேட்டால் பொறியியலாளர் எதைச் சொல்வார்? நடுவில் எஞ்சினை வைத்து மலிவாகச் செய்யவே இயலாது என்று வாதிட்டவர்களும் இருந்தனர். அவ்வாதம் செல்லாது. இத்தாலியின் பியற் நிறுவனம் 1972 இலேயே சிறு கார் ஒன்றை அவ்வாறு செய்து விற்றது. ஜெனரல் மோட்டேர்ஸின் மற்றொரு பிரிவாகிய பொன்ரியாக் 1984 முதல் 1988 வரை பியேறோ என்னும் காரை மூன்றரை இலட்சத்துக்கு மேல் செய்து விற்றது. இயலாமை அன்று, வேண்டாமையே காரணம்.

டன்ரொவ் 1975 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கோர்வெற்றுக்காக உழைத்து, அதன் தந்தை என்று மக்களால் அழைக்கப்பட்டவர், தாம் மிகவும் விரும்பிய காரைச் செய்து முடிக்காமலே வெளியேறினார். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் முன் எஞ்சினையே விரும்பினார். 1986 இல் கோர்வெற் இன்டி என்றும், 1990 இல் மூன்றாவது செர்வ் என்றும் மேலும் இரு மாதிரிகள் காட்டப்பட்டன. பேச்சு மறுபடியும் எழுந்தது; அடங்கியது. 1996 ஆம் ஆண்டு ஏப்பிரலில் டன்ரொவ் காலமானார்.

அடுத்த ஆண்டு வந்த கோர்வெற்றில் பொறியியலாளர்கள் ஒரு பாதி வழி சென்றார்கள். எஞ்சின் முன்னே நிற்க, கியர்ப் பெட்டியை மட்டும் பின்னச்சுக்குக் கொண்டுபோனார்கள். பாரம் இருபுறமும் ஏறக்குறையச் சமமாயிற்று. அதன்பின் எஞ்சினின் வலு ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. கடைசி முன் எஞ்சின் கோர்வெற்றின் மிக உயர்ந்த வகைக்கு 755 குதிரைவலு இருந்தது. அவ்வளவு வலுவை நிலத்துக்குக் கொடுக்கப் பின்சில்லுகளின் மீது போதிய பாரம் இல்லை. வலுவை மேலும் கூட்டினால் ரயர் தேய்வதொன்றே பயன். அறுபதுகளில் டன்ரொவ் சொன்ன காரணத்துக்கு வணிகமே வந்து சேர்ந்தது.

இடையிலே 2009 ஜூன் முதலாந் திகதி ஜெனரல் மோட்டேர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அந்நிலையில் இருந்த நிறுவனம் ஆடம்பரக் காரைப் பற்றி எண்ணியிருக்க இயலாது. அது மீண்டெழுந்த பின்னரே பழைய பேச்சு புதிய வடிவில் கிளம்பியது. இம்முறை அறிகுறிகள் வேறு விதமானவை. மேடையிலே மினுக்கி வைத்த மாதிரி எதுவும் இல்லை. நிறுவனம் வாய் திறக்கவில்லை. 2014 இல் ஸோரா என்னும் பெயரை வணிகக் குறியாகப் பதியுமாறு அது விண்ணப்பித்தமை தெரியவந்தது. 2015 இல் கென்ரக்கி மாநிலத்தின் பௌலிங் கிறீன் நகரிலுள்ள கோர்வெற் தொழிற்சாலைக்கு 439 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. பின்னர் பரிசோதனை வண்டிகளின் படங்களைச் சிலர் மறைந்திருந்து எடுத்து வெளியிட்டனர்.

படத்தைப் பார்த்து எஞ்சின் எங்கே என்று சொல்வது எப்படி? மூடுகோலம் போட்டு வடிவை மறைக்கலாம். பொய்த் தகடுகளையும் ஒட்டலாம். ஆனால், கதவின் முன் விளிம்புக்கும் முன்சில்லுக்கும் உள்ள தூரத்தை மறைக்க இயலாது. எஞ்சின் முன்னே இருந்தால் அத்தூரம் நீளும். பின்னே இருந்தால் சாரதியின் கால்கள் முன்சில்லுகளை நெருங்கும். கதவும் முன்னே வந்துவிடும். கதவுக்குப் பின்னே காற்றுப் புகும் வாய் ஒன்றும் வேண்டும். படங்களிலே இவ்விரண்டும் இருந்தன. ஆதி பரிசோதனை வண்டியொன்றையோ பொறியியலாளர்கள் சிறு பாரவண்டி போலத் தோன்றுமாறு வேடமிட்டு ஓட்டினார்கள் என்பது பின்னால் அவர்களே காட்டியபோது தெரியவந்தது. யாரும் திரும்பிப் பாராத வேடம் அது.

நிறுவனம் மௌனம் காத்ததற்கும் காரணம் உண்டு. அடுத்த ஆண்டு சிறந்த கார் வருகின்றது என்று தெரிந்தால் இவ்வாண்டுக் காரை வாங்குவார் இல்லை. விற்பனை நின்றால் தொழிற்சாலையில் வேலை குறையும். எதிர்வுகூறல் ஒரு பொழுதுபோக்கு என்று சஞ்சிகை வாசகர் நினைத்தாலும், பௌலிங் கிறீன் தொழிலாளிக்கு அது கூலியைத் தொடும் விடயம்.

2019 ஜூலை 18 ஆந் திகதி கலிபோர்னியாவின் ரஸ்ரின் நகரில், ஒரு காலத்தில் ஆகாயக் கப்பல்களை நிறுத்திவைத்த மாபெருங் கொட்டகையிலே உறை நீங்கியது. எஞ்சின் நடுவிலே இருந்தது. 6.2 லீற்றர் கொள்ளளவு; உச்ச வலு 495 குதிரைவலு; எட்டுக் கியர்களும் இரட்டைக் கிளச்சும் கொண்ட, இதற்கென்றே செய்த புதிய பெட்டி. வண்டியின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது பங்கு பின்சில்லுகளின் மீது நின்றது. உரிய உபகரணங்களுடன் மூன்று வினாடிக்குள் மணிக்கு 60 மைல் வேகத்தை அது எட்டும். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாகப் பொருள் வைக்க இரண்டு அறைகள் இருந்தன. பின்னறையில் இரண்டு கோல்வ் பைகள் அடங்கும் என்பதையும் பெருமையோடு சொன்னார்கள். கோர்வெற் வாங்குவோரின் வயதை அறிந்த சொல் அது.

எதிர்வுகூறியோர் எதில் வென்றார்கள், எதில் தோற்றார்கள்? எஞ்சினின் இடத்தைச் சரியாகச் சொன்னார்கள். இரட்டைக் கிளச்சையும் சொன்னார்கள். பெயரில் தவறினார்கள். ஸோரா என்ற பெயர் வரவில்லை; பழைய ஸ்ரிங்றே என்ற பெயரே நிலைத்தது. முன் எஞ்சின் கோர்வெற்றும் கூடவே விற்கப்படும் என்றவர்கள் ஏமாந்தார்கள். புதியது பழையதை முற்றாக நீக்கிவிட்டது. எஞ்சின் முற்றிலும் புது வகையாக இருக்கும் என்றனர் சிலர். தள்ளுதண்டுகளால் வால்வுகளை இயக்கும் பழைய முறையே தொடர்ந்தது. அவர்கள் சொன்ன வகை எஞ்சின் சில ஆண்டுகள் கழித்து, 2023 ஆம் ஆண்டின் இஸட் 06 காரிலே 670 குதிரைவலுவோடு வந்தது. விலையில்தான் பெருந் தவறு. ஒரு இலட்சம் டொலரைத் தாண்டும் என்று பலர் எழுதியிருக்க, தொடக்க விலை 59,995 டொலர் என்று நிறுவப்பட்டது. அதிக விலை வைத்துச் சிலருக்கு விற்பதா, அடக்க விலை வைத்துப் பலருக்கு விற்பதா என்ற கேள்விக்கு நிறுவனம் தந்த விடை அது. புதிய கியர்ப் பெட்டியின் செலவைப் பல வண்டிகளின்மேல் பரப்பிவிடுவதே அதன் சூத்திரம்.

காட்டிய பின்னரும் கார் உடனே கைக்கு வரவில்லை. 2019 செப்ரெம்பரில் மோட்டார்த் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அது ஒக்ரோபர் பிற்பகுதி வரை நீடித்தது. உற்பத்தி 2020 பெப்ரவரி 3 ஆந் திகதி தொடங்கிற்று. மார்ச் மாதத்தில் கொள்ளை நோயினால் ஆலை மூடப்பட்டது. அறுபது ஆண்டு பொறுத்தவர்கள் இன்னும் சில மாதம் பொறுத்தார்கள். ஸ்ரியறிங் வலப்புறம் அமைந்த கோர்வெற்றுகள் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு, யப்பானுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றது இந்த வகையோடுதான்.

2023 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆந் திகதி, மோட்டொராமா திறந்த நாளிலிருந்து சரியாக 70 ஆண்டு நிறைந்தபோது, ஈ-றே என்னும் கோர்வெற் அறிவிக்கப்பட்டது. பின்சில்லுகளை எட்டுச் சிலிண்டர் எஞ்சினும் முன்சில்லுகளை மின்மோட்டரும் இயக்கின. நான்கு சில்லுகளும் வலுப்பெற்ற முதலாவது விற்பனைக் கோர்வெற் அது. 1964 ஆம் ஆண்டின் இரண்டாவது செர்வ் காரை அறிந்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

பௌலிங் கிறீன் தொழிற்சாலைக்கு அண்மையில் கோர்வெற் கார்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கின்றது. 1994 இல் திறக்கப்பட்டது. டன்ரொவ்வின் சாம்பல் அந்தக் கட்டடத்தினுள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. எஞ்சினை நடுவிலே கொண்ட கார்கள் இப்போது அதன் அயலிலுள்ள ஆலையிலிருந்து நாள்தோறும் வெளிவருகின்றன.